செமஸ்டர் முடிந்து விடுதி காலியாகும்போது விட்டுப்போகும் பொருட்களை என்ன செய்கிறீர்கள்?

விடுதி மேற்பார்வை:
வணக்கம். ஒரு பல்கலைக்கழக மகளிர் விடுதியில் 11 வருஷமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். 420 பிள்ளைகள். கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலை வராண்டாவைப் பார்த்தால் மனசு ஆறாது. போன மே மாதம் பக்கெட் மட்டும் 70-க்கு மேல். ஒன்றைக் கையில் எடுத்தேன். நெயில் பாலிஷால் பெயர் எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூவும் வரைந்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மக்கு, பாய், துணி கிளிப், பாதி எழுதிய ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஒரே குவியல். அதன் மேல் யாரோ மிச்ச சாம்பாரைக் கொட்டிவிட, மொத்தமும் குப்பை வண்டிக்குத்தான் போனது.

அள்ளியது எங்கள் தூய்மைப் பணியாளர் அக்காமார் நான்கு பேர், அந்த வெயிலில் மூன்று மாடி ஏறி இறங்கி. ஒப்பந்த வேலை என்பதால் விடுமுறை தொடங்கியதும் அவர்களுக்குச் சம்பளமும் நின்றுவிடும்.

இந்த முறை நல்ல பொருளைப் பிரித்து வைத்து, புதிதாக வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. அக்காமார் தலையில் இன்னொரு சுமையாக ஏறாமல் எப்படிச் செய்வது? பூட்டிக் கிடக்கும் ஐந்து வாரத்தில் தண்ணீர், கரண்ட் பக்கம் என்ன பார்க்க வேண்டும்?

கோவை வார்டன் (ஓய்வு):
மேடம், கடைசி நாளில் பெட்டி வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்து நாள் முன்பே ஆரம்பியுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தில் நாங்கள் ஒரு வரி சேர்த்தோம்: விட்டுச்செல்லும் பொருளைக் கழுவிக் கீழே ஒப்படைத்தாயிற்று என்று. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெத்தை மட்டும் வாங்காதீர்கள், மூட்டைப்பூச்சி கூடவே வரும்.

கெட்டில், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். எல்இடி அல்லாத பழைய வகை டியூப்லைட்டில் பாதரசம் உண்டு, உடையாமல் தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு வரும் இடத்தை 2016 திடக்கழிவு விதிகளே தனி வகையாக வைத்து, பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தன. பதிவாளருக்கு வைக்கும் குறிப்பில் இதை எழுதுங்கள். பைல் நகரும்.

வயர்மேன்:
அக்கா, நான் இன்னொரு வளாகத்தில் எலக்ட்ரிக்கல் பிரிவு. மெஸ் பிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவை லேசாகத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். மூடினால் பூஞ்சை பிடித்து நாறும். வாட்டர் கூலரை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தில், நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டையிடும். தொட்டியைக் காலி செய்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. காய்ந்த சுவரில் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். உள்சுவரைத் தேய்த்தே ஆக வேண்டும். குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைக்குக் கீழே உள்ள வளைவில் (நஹானி ட்ராப்) தண்ணீர் வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வரும். வாரம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் இரண்டு மக்கு ஊற்ற ஆள் வேண்டும்.

மின்விசிறி மாற்றப் பணம் கேட்க இதுதான் நேரம். பழையது 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட். 300 விசிறி 12 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 162 யூனிட் மிச்சம்.

விடுதி மேற்பார்வை:
சார், தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. நோ டியூஸ் வரியை நாளைக்கே டைப் அடிக்கச் சொல்கிறேன்.

தம்பி சொன்னதைப் படித்ததும்தான் உறைத்தது. தொட்டி தேய்க்க ஆள், வாரா வாரம் தண்ணீர் ஊற்ற ஆள், சேர்த்த பக்கெட்டை எண்ணி ஸ்டோரில் அடுக்க ஆள். விடுமுறையில் வேலை இல்லை என்று இத்தனை வருஷம் எங்களிடம் சொன்னதை நானும் நம்பியிருக்கிறேன். ஐந்து வாரத்துக்கும் வாரவாரியாக வேலைப் பட்டியல் போட்டு, நான்கு அக்காமாருக்கும் சம்பளம் கேட்டுக் குறிப்பு வைக்கப் போகிறேன். தம்பி, ஒரு தொட்டி தேய்க்க இரண்டு பேருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? எங்களிடம் ஆறு தொட்டி. சரியான கணக்கோடு போக வேண்டும்.