பிப்ரவரி கடைசில ஆர்லாண்டோ போறேன், மொத தடவ பாஸ் மீன் பிடிக்கணும். மூணு நாளுக்கு மூணு ஏரி சரியா வருமா?

கொடுவா_பைத்தியம், மேடவாக்கம்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுத்துக்கோங்க. தங்கச்சி குடும்பம் ஆர்லாண்டோல இருக்கு, பிப்ரவரி கடைசில ரெண்டு வாரம் நான், வீட்டம்மா, 9 வயசு பொண்ணு மூணு பேரும் போறோம். டிஸ்னி, கடை கண்ணின்னு அவங்க ப்ளான் எல்லாம் போட்டு முடிச்சாச்சு, நான் கெஞ்சி கூத்தாடி எனக்குன்னு மூணு நாள் வாங்கி வெச்சிருக்கேன். அதுக்குள்ள ஒரு லார்ஜ்மவுத் பாஸாவது பிடிச்சே ஆகணும்.

நம்ம அனுபவம்னு பாத்தா முட்டுக்காடுல கொடுவா, அப்புறம் மதுராந்தகம் தாண்டி ஃப்ரெண்டு ஊர் ஏரில ஃப்ராக் (ரப்பர் தவளை இரை) போட்டு விரால், அவ்ளோதான். பாஸ் நேர்ல பாத்ததே இல்ல. யூடியூப்ல ஒருத்தன் ஓக்கீச்சோபீ போங்கிறான், இன்னொருத்தன் டோஹோ போங்கிறான், பாத்து பாத்து தலையே சுத்துது. இப்போதைக்கு போட்டிருக்கிற கணக்கு: மொத நாள் லேக் டோஹோ, ரெண்டாவது நாள் ஓக்கீச்சோபீ, மூணாவது நாள் மயாமி போய் பீகாக் பாஸ். மச்சான் கார் தரேன்னுட்டார், படகு வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கலாம்னு நெனைக்கிறேன் (வயசு 36). ராட் இங்கருந்து கொண்டு போறதா இல்ல அங்க வாங்குறதா? லைசென்ஸ் வேணுமா? முக்கியமா வீட்டம்மா கேக்க சொன்ன கேள்வி, மொதல கடிக்குமா?

ஏரிக்கரை_ராஜா, போரூர்:

மூணு நாள்ல மூணு ஏரியா, நல்லா கார் ஓட்டிட்டு வருவீங்க தலைவா 😂 மீனு பிடிக்கிறது சந்தேகந்தான்.

அம்பத்தூர்_டு_ஆர்லாண்டோ:

ராஜா சொல்றது சிரிப்பா இருந்தாலும் நிஜம் அதுதான் ப்ரோ. நான் இங்க ஆறு வருஷமா இருக்கேன். ஆர்லாண்டோல இருந்து ஓக்கீச்சோபீ தெக்கு கரைக்கு மூணு மணி நேரம், மயாமிக்கு நாலு மணி நேரம் வெச்சுக்கோங்க, போக வரவே நாள் முடிஞ்சிடும். மீன் காலைல மொத ரெண்டு மணி நேரம் நல்லா கடிக்கும், அந்த நேரத்துல நீங்க ஹைவேல காபி குடிச்சிட்டு இருப்பீங்க. டோஹோ உங்களுக்கு அரை மணி நேரந்தான், கிஸ்ஸிம்மீ ஊருக்கு ஒட்டுனாப்லயே இருக்கு. சின்ன ஏரின்னு நெனைக்காதீங்க, 2001ல டீன் ரோஹாஸ்னு ஒரு மீன்பிடி போட்டிக்காரர் அங்கதான் ஒரே நாள்ல அஞ்சு மீன்ல 45 பவுண்டு 2 அவுன்ஸ் எடை போட்டார், பாஸ்மாஸ்டர் போட்டில ஒரு நாள் ரெக்கார்டு அது. அஞ்சு மீன் சேந்து 20 கிலோ, கணக்கு பண்ணி பாருங்க.

நீங்க வர்ற நேரம் நல்ல நேரம். பிப்ரவரி மார்ச்சுல இங்க பாஸ் முட்டை போட கரைக்கு வரும், பெரிய பொட்ட மீனெல்லாம் முழங்கால் ஆழத் தண்ணில நிக்கும். ஆனா அதே நேரத்துல ஒரு சனியனும் இருக்கு, அதுக்கு பேரு கோல்ட் ஃப்ரண்ட். வடக்கருந்து குளிர் காத்து ஒண்ணு இறங்கிச்சுன்னா காலைல 10 டிகிரிக்கும் கீழ போயிடும், மேகமே இல்லாம வானம் பளிச்னு போட்டோ எடுக்க சூப்பரா இருக்கும், மீன் மட்டும் வாயையே தொறக்காது. அமெரிக்கால வேற மாநிலத்து பாஸ் கூட பரவால்ல, ஃப்ளோரிடா பாஸ் குளிர்னா ரெண்டு மூணு நாள் மூஞ்ச தூக்கி வெச்சுக்கும். அதனால உங்க மூணு நாள இப்பவே இன்ன தேதின்னு முடிவு பண்ணாதீங்க, இங்க வந்து வெதர் பாத்துட்டு, மூணு நாளா வெயில் ஏறிட்டே வந்து அடுத்த ஃப்ரண்ட் வர்றதுக்கு முன்னாடி நாள் இருக்கு பாருங்க, அன்னிக்கு டிஸ்னி டிக்கெட் இருந்தாலும் மாத்திட்டு ஏரிக்கு ஓடுங்க. வீட்டம்மாவ சமாளிக்கிறது உங்க பொறுப்பு.

லைசென்ஸ் கண்டிப்பா வேணும், வெளியூர்க்காரங்களுக்கு நன்னீர் லைசென்ஸ் 3 நாளுக்கு 17 டாலர், 7 நாளுக்கு 30 டாலர், போன் ஆப்லயே வாங்கிக்கலாம். தேதி மாறும்னு சொன்னேன்ல, அதனால 7 நாள் எடுங்க. 16 வயசுக்கு கீழ தேவையில்ல, பாப்பா ஃப்ரீ. கைடு கூட போனாலும் உங்களுக்குன்னு தனி லைசென்ஸ் இருக்கணும், கடல்ல சார்ட்டர் போட்ல போனா அவங்க லைசென்ஸே நம்மளையும் சேத்துக்கும், ஏரில அப்படி கிடையாது, நெறைய பேர் இதுல மாட்டுறாங்க. அப்புறம் படகு, 1988 ஜனவரி 1 இல்ல அதுக்கு அப்புறம் பொறந்தவங்க 10 எச்.பி.யும் அதுக்கு மேலயும் இருக்கிற மோட்டார் ஓட்டணும்னா போட்டிங் சேஃப்டி கார்டோ தற்காலிக சர்டிஃபிகேட்டோ வேணும். உங்க வயசுக்கு நீங்க அதுல வர்றீங்க.

மொதல கேள்விக்கு: இருக்கு, எல்லா ஏரிலயும் இருக்குன்னே வெச்சுக்கோங்க. தண்ணில இறங்கி நின்னு பிடிக்காதீங்க, பிடிச்ச மீன கயித்துல கோத்து கரையோரம் தொங்க விடாதீங்க, சாயங்காலம் இருட்டுற நேரம் பாப்பாவ கரை ஓரத்துல நிக்க விடாதீங்க. அதுக்கு தீனி போடுறது இங்க சட்டப்படி குத்தம், தீனி போட்டு பழகுன மொதலதான் ஆள கிட்ட வரும். மத்தபடி அது பாட்டுக்கு வெயில் காயும்.

பல்பு_வாங்கியவன், வேளச்சேரி:

நான் என் கதைய சொல்லிடுறேன், பேர பாத்தாலே தெரிஞ்சிருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி அண்ணன் வீட்டுக்கு போனப்ப உங்கள மாதிரியே நெட்ல படிச்சிட்டு நேரா ஓக்கீச்சோபீ போனேன். ரோட்ல போறப்ப ஏரியே தெரியல ப்ரோ, சுத்தி மலை மாதிரி மண் கரை, 1928 புயல்ல ஏரிக்கரை ஒடஞ்சு ஆயிரக்கணக்குல ஜனங்க செத்ததுக்கு அப்புறம் கட்டுனதாம். கரை மேல ஏறி பாத்தா அந்தப் பக்கம் கரையே இல்ல, மெரினால நிக்கிற மாதிரி இருக்கு. அப்புறம் தேடிப் பாத்தேன், கிட்டத்தட்ட 1,900 சதுர கிலோமீட்டர், நம்ம சென்னை மாநகராட்சி 426, அதாவது நாலு சென்னைய உள்ள போட்டாலும் இடம் மிச்சம். ஆழம் மட்டும் சராசரியா 9 அடிதான், அதனால காத்து அடிச்சா அடி மண்ணெல்லாம் கலங்கி தண்ணி டீ கலர்ல ஆயிடுது. கைடுக்கு காசு மிச்சம் பண்றேன்னு படகு மட்டும் வாடகைக்கு எடுத்தேன் (அண்ணன் ஓட்டுனான், அவனுக்கு வயசு 45). கொடுத்தவன் எந்தப் பக்கம் போகணும்னு ஒரு வார்த்த சொல்லல, காசு வாங்குனதோட சரி. ரெண்டு நாள் கோரைக்குள்ள சுத்தி சுத்தி வந்தேன், ஒரு கடி கூட இல்ல. மூணாவது நாள் காத்து, கரையிலயே உக்காந்து பிரெட்டு சாப்பிட்டு வந்துட்டேன்.

கேவலம் என்னன்னா, ஊருக்கு கெளம்புறதுக்கு முந்தின நாள் அண்ணன் அபார்ட்மென்ட் பின்னாடி ஒரு குட்டை, மழைத்தண்ணி நிக்க வெட்டுனது, சும்மா பொழுது போகலன்னு ஒரு ரப்பர் புழுவ போட்டேன். மூணாவது காஸ்ட்ல ஒண்ணே கால் கிலோ பாஸ்! கையில வெண்ணெய வெச்சுட்டு நெய்க்கு அலைஞ்ச கதை. அந்த ஊர்ல இந்த மாதிரி குட்டைங்க தெருவுக்கு ஒண்ணு இருக்கு, பாதில பாஸ் இருக்கு. போர்டு பாத்துக்கோங்க, மீன் பிடிக்க கூடாதுன்னு எழுதிருந்தா விட்டுடுங்க, இல்லன்னா அசோசியேஷன்ல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

கொடுவா_பைத்தியம்:

ஐயோ நான் பண்ண இருந்ததயே நீங்க பண்ணி வெச்சிருக்கீங்க 🙏 சரி ஓக்கீச்சோபீ, மயாமி ரெண்டும் கட். டோஹோல ஒரு நாள் கைடு எடுக்கலாம்னா எவ்வளவு ஆகும்? ராட் விஷயமும் யாராச்சும் சொல்லுங்க, கையில இருக்கிறது விராலுக்கு வெச்சிருக்கிற 7 அடி ஹெவி ராட், 50 பவுண்டு ப்ரெய்டு (பின்னல் லைன்).

அம்பத்தூர்_டு_ஆர்லாண்டோ:

அரை நாள், அதாவது நாலு மணி நேரம், 300ல இருந்து 400 டாலர் வாக்குல கேப்பாங்க. ஷைனர்னு உயிர் மீன் இரை, இங்க பெரிய பாஸுக்கு அதுதான் பேர் போனது, அதுக்கு டஜன் கணக்குல தனியா காசு வாங்குவாங்க, புக் பண்றப்பவே கேட்டுக்கோங்க. என்னக் கேட்டா மொத நாளே கைடு எடுங்க, மீன் பிடிக்க மட்டும் இல்ல, அவர் எந்தப் புல்லு பக்கத்துல நிறுத்துறார், ஏன் அங்க நிறுத்துறார்னு கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கோங்க, மிச்ச ரெண்டு நாளுக்கும் அதுதான் மூலதனம். ரெண்டாவது நாள் பாப்பாவோட டர்க்கி லேக் போங்க, ஊருக்குள்ளயே பார்க், மீன் பிடிக்க மேடை கட்டி விட்டிருக்காங்க, பாஸ் கடிக்கலன்னாலும் ப்ளூகில்னு உள்ளங்கை சைஸ் மீன் மண்புழுவுக்கு விடாம கடிக்கும், பாப்பா குஷியாயிடும்.

பழவேற்காட்டு_பெருசு:

தம்பி, பையன் டாம்பால இருந்தப்ப போய் ஆறு மாசம் தங்குனேன், தினம் ஏரிதான். விரால் பிடிச்ச கைக்கு பாஸ் ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா சில பழக்கத்த மறக்கணும். விரால் மூச்சு வாங்க மேல வந்து பளக்னு சத்தம் போடும், நாம அந்த எடத்த பாத்து எறிவோம். பாஸ் மேல வராது, சத்தத்துக்கு காத்துட்டு இருந்தா பொழுது விடிஞ்சிடும். அதுக்கு பதிலா தண்ணிக்கு அடில பாக்கணும். போலரைஸ்டு கண்ணாடி போட்டுகிட்டு கோரை ஓரமா பாத்தா சாப்பாட்டு தட்டு சைஸ்ல வட்டமா வெளுப்பா மண்ணு தெரியும், சேத்த வாலால ஒதுக்கி முட்டைக்கு எடம் பண்ணிருக்கும். அங்க ஆண் மீன் காவல் நிக்கும், நம்ம விரால் குஞ்சுக்கு காவல் நிக்கிற மாதிரியேதான். அப்படி பிடிச்சா ஒரு போட்டோ எடுத்துட்டு அதே எடத்துல ஒடனே விட்டுடு, நீ எடுத்துட்டு போன அஞ்சு நிமிஷத்துல ப்ளூகில் கூட்டம் முட்டைய காலி பண்ணிடும்.

ராட் ஒண்ணும் புதுசா வாங்காத, உன் விரால் செட்டே போதும், ஃப்ராக்கும் அதேதான். ராட் ரெண்டு துண்டா கழலும்னா பிவிசி பைப்புல போட்டு செக்-இன்ல விடு, தூண்டில் முள்ளு எல்லாம் செக்-இன்லயே போவட்டும், கைப்பையில வெச்சா புடுங்கி வெச்சுப்பான். அங்க போய் வாங்க வேண்டியது ரப்பர் புழுவும் 4/0 ஆஃப்செட் முள்ளும் (கழுத்து வளைஞ்ச முள்ளு) புல்லட் வெயிட்டும் (தோட்டா மாதிரி சின்ன குண்டு). டெக்ஸஸ் ரிக்னு சொல்லுவான்: முள்ளு நுனிய புழு தலையில கால் இஞ்ச் எறக்கி வெளிய எடு, முள்ள திருப்பு, மறுபடி நுனிய ஒடம்புல குத்தி தோலுக்கு அடியில மறைச்சு வை. நுனி வெளிய தெரியலன்னா எந்தப் பாசிக்குள்ள போட்டாலும் சிக்காது. போட்டுட்டு இழுக்காத, மெதுவா தரையோட நகத்து, நகத்திட்டு சும்மா இரு. கதவ விரல் நுனியால தட்டுன மாதிரி டொக்குனு ஒண்ணு வரும், இல்ல லைன் பக்கவாட்டுல தானா நகரும், அதுதான் மீனு. தொய்வ சுத்தி எடுத்துட்டு ஓங்கி இழு. கொடுவா மாதிரி சுழட்டி அடிக்கும்னு நெனைச்சிட்டு இருந்தா கடிச்சதே தெரியாம துப்பிட்டு போயிடும்.

இன்னொண்ணு, விராலுக்கு பயந்து நாம வாயில கை வைக்க மாட்டோம். பாஸுக்கு பல்லு உப்புத்தாள் மாதிரிதான், கட்டை விரல வாயில விட்டு கீழ்த்தாடைய பிடிச்சு தூக்கலாம். நாலு மீன் பிடிச்சா விரல் தோல் சொரசொரன்னு ஆயிடும், அங்க அத பெருமையா காட்டிக்கிறானுங்க. பெருசா இருந்தா இன்னொரு கைய வயித்துக்கு கீழ குடு, தாடைல மட்டும் தொங்க விட்டா ஒடஞ்சிடும். 8 பவுண்டுக்கு மேல மாட்டுனா தராசுல வெச்சு எடை தெரியுற மாதிரி போட்டோ எடுத்துட்டு உயிரோட விடு, ட்ரோஃபிகேட்ச்னு அந்த ஊர் கவர்மென்டே ஒரு திட்டம் நடத்துது, பரிசு குடுப்பான்.

ஏரிக்கரை_ராஜா:

எல்லாம் சரி, கொழம்பு வெக்கலாமா வேணாமா அத சொல்லுங்க மொதல்ல.

அம்பத்தூர்_டு_ஆர்லாண்டோ:

பாஸ் அஞ்சு வரைக்கும் எடுத்துக்கலாம், அதுல 16 இஞ்ச்சோ அதுக்கு மேலயோ ஒண்ணுதான் இருக்கணும். ஆனா பாதரசம் இருக்குன்னு ஹெல்த் டிபார்ட்மென்ட்டே அளவா சாப்பிட சொல்லிருக்கு, குழந்தைங்களுக்கு வேணாம். கொழம்புக்கு ஆசைன்னா நம்ம ஜிலேபி மீன் ஜாதியே இங்க ஏரில இருக்கு ராஜா, எவனும் சீண்டுறது இல்ல. இன்னொரு கூத்து தெரியுமா, மயாமிக்கு வடக்க ப்ரோவர்ட் கவுன்ட்டி வாய்க்கால்ல நம்ம ஊர் பெரிய விரால் மாதிரியே ஒண்ணு இருக்கு, புல்ஸ்ஐ ஸ்நேக்ஹெட்ங்கிறாங்க, 2000ல கண்டுபிடிச்சாங்க. அத மட்டும் பிடிச்சா திருப்பி விடாதீங்க, உயிரோட வெச்சிருக்கவும் கூடாது, அங்கயே கொன்னுடணும்.

கொடுவா_பைத்தியம்:

அமெரிக்கா போயும் விரால், ஜிலேபியா 😄 அண்ணே, பெரியவரே, எல்லாருக்கும் கோடி நன்றி. தங்கச்சிய வாட்ஸப்ல கேட்டேன், அவ வீட்டுக்கு பின்னாடியும் குட்டை இருக்காம், "ஆமைதாண்ணே இருக்கு"ங்கிறா. வீடியோ கால்ல காட்ட சொன்னேன், கரையோரமா வட்டமா வெளுப்பா நாலஞ்சு தெரியுது!! மொத நாள் டோஹோ கைடு, ரெண்டாவது நாள் பொண்ணோட டர்க்கி லேக், மூணாவது நாள் குட்டை. வீட்டம்மா இதக் கேட்டுட்டு, "தங்கச்சி வீட்டு குட்டைல மீன் பிடிக்கவா 15,000 கிலோமீட்டர் போறீங்க"ன்னு கேக்குறாங்க, இன்னும் பதில் சொல்லல.

பல்பு_வாங்கியவன்:

வரும்போது ஜூன்பக் கலர் (கரு ஊதா) ரப்பர் புழு ரெண்டு பாக்கெட் எடுத்துட்டு வாங்க ப்ரோ, இங்க சரியான கலர் கெடைக்க மாட்டேங்குது, காசு ஜிபே பண்ணிடுறேன். குட்டைல முட்டை போட்டிருக்கிற எடத்துல நடக்குறப்ப நெழல் தண்ணில விழாம பாத்துக்கோங்க, நான் அதுலயே ரெண்ட கோட்ட விட்டேன்.