இம்ப்ளான்ட் மேற்பரப்பு மாறினால் எலும்பு சீக்கிரம் பிடிக்குமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

சாரல் எழுதியது:

வணக்கம். அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தாகிவிட்டது, அந்த இடத்தில் இம்ப்ளான்ட் (பல் வேருக்குப் பதிலாக எலும்புக்குள் பதிக்கும் ஸ்க்ரூ) வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். இரண்டு வகை காட்டினார். ஒன்று உலர்ந்த நிலையில் பெட்டியில் வருவது, வைத்து 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மேலே கேப் போடுவாராம். இன்னொன்று சின்னக் குப்பியில் உப்புநீருக்குள் மூழ்கியபடியே வருகிறது, அதற்கு 3, 4 வாரம் போதுமாம். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. இரண்டும் டைட்டானியம்தான், அளவும் ஒன்றுதான், மேல்தோல் மட்டும் வேறு என்கிறார். ஒரு உலோகத்தின் மேல்தோலை மாற்றினால் எலும்பு ஆறுவது நிஜமாகவே மாறுமா, இல்லை இது விலையைக் கூட்ட ஒரு வழியா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரைதான் சாப்பிடுகிறார், மூன்று மாதச் சராசரி 7.4. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஈறும்எலும்பும் எழுதியது:

சாரல், நான் ஈறு சிகிச்சை நிபுணர், இம்ப்ளான்ட் வைப்பதும் என் வேலைதான். மேற்பரப்பு மாறினால் எலும்பு ஆறும் விதம் நிச்சயம் மாறும். ஆனால் எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அந்தக் கூடுதல் பணம் தேவையா என்று உங்களால் முடிவெடுக்க முடியும்.

எலும்பில் துளை போட்டு ஸ்க்ரூவை முறுக்கி இறக்கியதும் அது அசையாமல் நிற்கிறதே, அது வெறும் இறுக்கம்தான். அழுத்தம் பட்ட பழைய எலும்பை உடம்பு அரித்து அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பிக்கும், அதனால் அந்த இறுக்கம் நாள் போகப் போகக் குறையும். பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி இன்னும் முழுதாக வராத ஒரு காலம் உண்டு, பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள். அந்தச் சமயத்தில் இம்ப்ளான்ட் மேல் பாரம் ஏறி அது அசைந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வந்துவிடும், அப்புறம் கழற்றத்தான் வேண்டும். மேற்பரப்பு கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

எப்படி என்றால், ஸ்க்ரூ இறங்கியதுமே அதைச் சுற்றி ரத்தம் உறைந்து ஃபைப்ரின் என்ற புரத இழைகளால் ஆன வலை உண்டாகும். எலும்பு கட்டும் செல்கள் அந்த வலையைப் பற்றி இழுத்துக்கொண்டு உலோகத்தை நோக்கி நகரும். பரப்பு வழவழப்பாக இருந்தால் அந்த இழுப்பில் வலை கழன்றுவிடும், செல்கள் உலோகம் வரை வந்து சேராது, துளையின் சுவரிலிருந்து மட்டும் எலும்பு மெதுவாக வளர்ந்து வர வேண்டியிருக்கும். சொரசொரப்பாக இருந்தால் வலை விடாமல் பிடித்துக்கொள்ளும், செல்கள் உலோகத்தின் மேலேயே உட்கார்ந்து அங்கிருந்தும் எலும்பைக் கட்டும். இரண்டு பக்கமும் வேலை நடப்பதால் இடைவெளி சீக்கிரம் நிரம்புகிறது.

சொரசொரப்பு என்றால் கையில் தட்டுப்படும் அளவுக்கு இல்லை, 1 முதல் 2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அவ்வளவுதான். இன்று பரவலாக இருக்கும் எஸ்எல்ஏ பரப்பை எடுத்துக்கொண்டால், 250 முதல் 500 மைக்ரான் அளவுள்ள கொரண்டம் (மிகக் கடினமான அலுமினிய ஆக்சைடு) துகள்களை வேகமாக அடித்து முதலில் பெரிய குழிகளை உண்டாக்குவார்கள், பிறகு சூடான ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் போட்டு அந்தக் குழிகளுக்குள்ளேயே பொடிப்பொடியான குழிகளை அரித்தெடுப்பார்கள். 1991இல் டேனியல் பூசர் குழுவினர் சின்னப் பன்றிகளின் எலும்பில் பல பரப்புகளை வைத்து ஒப்பிட்டபோது, மெருகேற்றிய பரப்பில் எலும்பு தொட்டிருந்தது 20, 25 சதவீதம், இப்படி அமிலம் அரித்த பரப்பில் 50 முதல் 60 சதவீதம். டைட்டானியம் இம்ப்ளான்ட்டுக்கு முன்னோடியான ஸ்வீடன் டாக்டர் பிரோனமார்க் காலத்து இம்ப்ளான்ட்டுகள் வெறுமனே கடைசல் பிடித்தவை, கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் காத்திருப்பார்கள். அது 6 வாரமாகக் குறைந்ததில் இந்த மேற்பரப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் டாக்டர் காட்டிய இரண்டுமே அநேகமாகச் சொரசொரப்பானவைதான். குப்பியில் வருவது அதற்கும் அடுத்த படி.

டைட்டானியம்22 எழுதியது:

அந்த அடுத்த படியைப் பற்றி நான் சொல்கிறேன், பொருளறிவியல் ஆய்வகத்தில் இதுதான் என் வேலை. டைட்டானியம் காற்றுப் பட்டதுமே மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். உடம்பு அதை ஏற்றுக்கொள்வதற்கு அந்தப் படலம்தான் காரணம். ஆனால் காற்றிலுள்ள கார்பன் சேர்மங்கள் அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துவிடுகின்றன. பல வாரம் வெளியில் கிடந்த எஸ்எல்ஏ தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். அதே தகட்டைப் புற ஊதா ஒளியில் வைத்து எடுத்து உடனே ஒரு சொட்டு விட்டால், விழுந்த இடத்திலிருந்து நொடியில் விளிம்பு வரை பரவி, சொட்டு இருந்த தடமே தெரியாது. சொரசொரப்பு இரண்டிலும் ஒன்றுதான், மாறியது ரசாயனம் மட்டும். ரத்தமும் இப்படியே ஒன்றில் குழிகளுக்கு மேலே தங்கிவிடும், மற்றதில் உள்ளே இறங்கும். குப்பியில் வரும் வகையை அமிலத்திலிருந்து எடுத்ததும் நைட்ரஜன் சூழலில் கழுவி, காற்றே படாமல் உப்புநீரில் அடைக்கிறார்கள்.

பலன் எவ்வளவு என்பதற்கு மனிதர்களிடமே செய்த ஆய்வு இருக்கிறது, 2011இல் நிக்கிளாஸ் லாங் குழுவினருடையது. தன்னார்வலர்களின் தாடையில் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் சின்ன இம்ப்ளான்ட்டுகளை வைத்து, குறித்த நாட்களில் எலும்போடு சேர்த்து எடுத்துப் பார்த்தார்கள். 28ஆம் நாளில், குப்பியில் வரும் ஈரப் பரப்பில் எலும்பு தொட்டிருந்தது 48 சதவீதம், சாதாரண எஸ்எல்ஏவில் 32. ஆனால் 42ஆம் நாளில் இரண்டுமே 62 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டன. என் கண்ணுக்கு இந்தக் கடைசி எண்தான் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கான விலை.

நீலவேணி எழுதியது:

இதன் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். எலும்புக்குள் இருக்கும்வரை சொரசொரப்பு நல்லது. ஈறு இறங்கி ஸ்க்ரூவின் மரைகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அதே சொரசொரப்பில்தான் கிருமிப் படலம் ஒட்டும், சுரண்டி எடுப்பது பெரும் பாடு. நாய்களுக்கு வேண்டுமென்றே இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழற்சியை உண்டாக்கிப் பார்த்த ஆய்வில், மெருகிட்ட பரப்பை விட எஸ்எல்ஏ பரப்பைச் சுற்றி எலும்பு அதிகமாகக் கரைந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும், அதனால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழவழப்பான பழைய வகை ஒன்றும் மட்டமானதில்லை. பிரோனமார்க் 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு வைத்த இம்ப்ளான்ட்டுகள் 2006இல் அவர் இறக்கும்வரை, 40 வருடத்துக்கு மேல் வேலை செய்தன.

சாரல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் குப்பியில் வருவது அவசியமா? அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை, மறுபக்கத்தில் நன்றாக மென்று சாப்பிடுகிறார்.

ஈறும்எலும்பும் எழுதியது:

அவசரம் இல்லை என்றால் அவசியமும் இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அந்தத் தளர்ச்சிக் காலம் நீளும், பிடி வரத் தாமதமாகும், ஆனால் பொறுத்திருந்தால் வரும். 7.4 என்பது பயப்படும் எண் இல்லை, அதை ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் நல்ல கம்பெனியின் சாதாரண எஸ்எல்ஏ வகையை வைத்து 12 வாரம் காத்திருப்பேன். எலும்பு மிருதுவாக இருக்கிறது, வைக்கும்போது போதுமான இறுக்கம் கிடைக்கவில்லை என்று டாக்டர் சொன்னாலோ, சீக்கிரம் பல் வைத்தே ஆக வேண்டும் என்றாலோ குப்பியில் வருவதற்குப் பணம் கொடுக்கலாம்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வைக்கும்போது எத்தனை நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கம் கிடைத்தது, 35ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. அப்புறம், கேப் போடும் முன் ஐஎஸ்க்யூ, அதாவது இம்ப்ளான்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று காட்டும் எண்ணை, அளப்பாரா. காந்தம் வைத்த சின்னக் குச்சியை இம்ப்ளான்ட்டில் திருகி, கருவியைப் பக்கத்தில் காட்டினால் 100க்கு இத்தனை என்று எண் வரும், வலிக்காது. வைத்த அன்றும் கேப் போடும் அன்றும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். 70க்கு மேல் இருந்தால் தாராளமாகக் கேப் போடலாம், முன்பை விடக் குறைந்திருந்தால் இன்னும் சில வாரம் பொறுக்கச் சொல்வார்.

நீலவேணி சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். கேப் போட்ட பிறகு, பல்லிடுக்கில் நுழைக்கும் சின்ன பிரஷை எப்படிப் பயன்படுத்துவது என்று அம்மாவுக்கு நேரில் காட்டச் சொல்லுங்கள், 6 மாதத்துக்கு ஒரு முறை கூட்டிப் போய்ச் சுத்தம் செய்யுங்கள்.