சென்னைல இருந்து விசாகப்பட்டினம், எதுல போறது நல்லது?

வணக்கம் மக்களே, அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு வைசாக் போலாம்னு இருக்கோம், எதுல போறதுன்னு முடிவு பண்ண முடியல, போயிட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க. ஃப்ளைட்ல நேரா போயிடலாம்தான், ஆனா எனக்கு மனசு ட்ரெயின்லதான் இருக்கு. கோரமண்டல் காலைல சென்ட்ரல்ல கிளம்பி சாயந்திரத்துக்கு மேல வைசாக் போயிடுது, அதனால ராஜமுந்திரி கிட்ட கோதாவரி பாலத்தை வெளிச்சத்துலயே பாத்துடலாம், அந்த அகலமான தண்ணிய அம்மா ஜன்னல் பக்கம் உக்காந்து பாக்கணும்னு ரொம்ப ஆசை. ஹவுரா மெயில்ல போனா ராத்திரி தூங்கிட்டு காலைல இறங்கிடலாம், ஆனா ஆத்தை இருட்டுல தாண்டிடுவோம். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, பகல் ஃபுல்லா உக்காந்துட்டே வந்தா தாங்குவாங்களா, இல்ல தேர்ட் ஏசில லோயர் பெர்த் கிடைச்சா நடுவுல படுத்துக்கலாமா?

இன்னொன்னு, சில ட்ரெயின் வைசாக் ஸ்டேஷனுக்குள்ள வராம துவ்வாடாவோட போயிடுது, அங்க இறங்கினா லக்கேஜோட பீச் ரோடு பக்கம் வர ஆட்டோ, கார் ஈஸியா கிடைக்குமா? கார்ல போறதுக்கு என்எச் 16 நேரா போகுது, ஆனா கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர், சின்னப் பையனை வெச்சுட்டு ஒரே நாள்ல ஓட்டுறது எனக்கு சரியா படல, விஜயவாடால ஒரு ராத்திரி தங்கிப் போனவங்க இருந்தா சொல்லுங்க.

அப்படியே அரக்கு பள்ளத்தாக்குக்குப் போற, கண்ணாடிக் கூரை வெச்ச விஸ்டாடோம் கோச்சுக்கு எவ்ளோ முன்னாடி புக் பண்ணணும்? அந்த குகைப்பாதைங்க எல்லாம் பையனுக்குக் காட்டியே ஆகணும்.