புதுப்பிப்பு: சமையலறையின் கான்கிரீட் வெளிச்சுவரை எடுத்தாகிவிட்டது

சமையலறையைப் பின்பக்கம் 8 அடி நீட்ட, 6 அங்குலக் கான்கிரீட் சுவரை எப்படி எடுப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"சுத்தியலைத் தொடுமுன் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்" என்ற யோசனைதான் காப்பாற்றியது. அது மேல்தளத்தைத் தாங்கும் சுவர். இல்லவே இல்லை என்று மேஸ்திரி சத்தியம் செய்யாத குறை! தளத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, சுவரின் உச்சியில் ஒரு பட்டையை மட்டும் அறுத்து, இரும்பு உத்தரத்தைச் செருகினார்கள். அதன் பிறகே மீதிச் சுவரை வைரத் துகள் பதித்த ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்தார்கள். பக்கத்துச் சுவரில் கீறல்கூட இல்லை.

எதிர்பாராதது சேறுதான். ரம்பத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் கான்கிரீட் தூள் கலந்து வழிந்த சிமெண்டுப் பால் சாக்கடைத் துளையில் இறங்கி இறுகிவிட்டது. முன்னதாகவே துளையைச் சாக்கால் அடைத்துவிடுங்கள்.