அலாரம் ‘வென்ட் ஓஃப்’ என்றால் அடித்ததா, நின்றதா? உதவி தேவை

புறக்கோட்டைப் பொடியன்:
வணக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று அதிகாலை முதலாளி வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டிருந்தார்: ‘அலாரம் வென்ட் ஓஃப் அட் டூ. ப்ளீஸ் செக்.’ இரண்டு மணிக்கு அலாரம் ஓஃப் ஆகிவிட்டது என்று விளங்கிக்கொண்டு, ‘காலையில் வந்து ஓன் பண்ணிவிடுகிறேன் சேர்’ என்று பதில் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன். ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. அலாரம் நிற்கவில்லையாம், தெருவே எழும்பும்படி அலறிக்கொண்டிருந்ததாம். (கள்ளன் இல்லை. ஷட்டருக்குள் பூனை.)

கரண்ட் போனாலும் ‘லைட்ஸ் வென்ட் ஓஃப்’ என்கிறார்கள். அங்கே நின்றது, இங்கே அடித்தது. பால் கெட்டாலும் ‘கோன் ஓஃப்’ தானாம். எதை வைத்துப் பிரித்து அறிவது? பட்டியல் போட்டுப் பாடமாக்கி அலுத்துவிட்டது.

வெள்ளவத்தை மச்சான்:
முதலில் அந்தப் பூனைக்கு ஒரு டே ஓஃப் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
தம்பி, நாங்கள் எல்லோரும் இந்தச் சொல்லைச் சுவிட்சில் இருந்துதான் படித்தோம். ‘லைட்டை ஓஃப் பண்ணு’ என்பது வீட்டுத் தமிழாகவே ஆகிவிட்டது, சிங்களத்திலும் ‘ஓஃப் கரன்ன’ தான். அதனால் ஓஃப் என்றால் நிறுத்தம் என்று மண்டையில் ஏறிவிட்டது. ஆனால் சொல் கரண்டைவிட மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் ‘ஓஃப்’பும், ‘உடைய’ என்று பொருள்படும் ‘ஒவ்’வும் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் மெல்ல விலகி, 17ஆம் நூற்றாண்டளவில்தான் எழுத்திலும் தனிச் சொல்லாக நிலைத்தது. அடிக்கருத்து, ஒன்றை விட்டு விலகுவது.

பழைய மேசை மணிக்கூட்டை நினைத்துப் பாருங்கள். சாவி கொடுத்து முறுக்கிய சுருள்வில்லை ஒரு கொளுவி பிடித்து வைத்திருக்கும். நேரம் வந்ததும் கொளுவி விலகும், சுத்தியல் மணியில் அடிக்கும். துவக்கும் அப்படித்தான், விசையை இழுத்ததும் பிடி விடுபட்டு வெடிக்கும். அடக்கி வைத்தது விடுபடுவதுதான் அந்த ‘கோ ஓஃப்’. லைட்டிலோ விடுபடுவது கரண்டின் தொடுப்பு.

‘நிறுத்து’ என்பதை மறந்துவிட்டு, நம்முடைய ‘விடு’வைப் பொருத்திப் பாருங்கள். மழை விட்டது என்றால் நின்றது. காலி முகத்திடலில் பட்டம் விட்டான் என்றால் கிளம்பியது. காய்ச்சல் விட்டது, பள்ளிக்கூடம் விட்டது, வாழை குருத்து விட்டது. நின்றதும் கிளம்பியதும் ஒரே வினையில்தானே கிடக்கின்றன? நமக்குக் குழப்பமே வருவதில்லை, ஏனென்றால் எது விட்டது என்று பார்த்துவிடுகிறோம். இங்கேயும் அப்படித்தான். அலாரம், துவக்கு, குண்டு என்றால் அடித்தது அல்லது வெடித்தது. லைட், ஃபேன் என்றால் நின்றது. சாப்பாடு என்றால் பழுது.

ஒன்றைக் கவனியுங்கள்: ‘அலாரம் இஸ் ஓஃப்’ என்று வந்திருந்தால் நீங்கள் நினைத்ததுதான் சரி. ‘வென்ட்’ தான் உங்களைக் கவிழ்த்தது.

பஞ்சிகாவத்தை ஸ்பெயார்:
ரீச்சர், விளக்கம் நல்லது, ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நான் வாகன உதிரிப்பாகக் கடையில் நிற்கிறேன். பிரிட்டன்காரரின் பட்டியலில் ‘ஓஃப் சைட் மிரர்’ என்றால் வலப்பக்கக் கண்ணாடி. இதில் எதை எது விட்டது?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
சரியான கேள்வி. அங்கே ‘எட்ட’ என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு இடப்பக்கமாக நின்றுதான் ஆள் ஏறுவான், கூட நடப்பதும் அந்தப் பக்கம்தான். அது நியர் சைட். எட்டத்தில் இருக்கும் வலப்பக்கம் ஓஃப் சைட். கிரிக்கெட்டிலும் காலுக்கு எதிர்ப்பக்கம் ஓஃப். முரளிதரன் டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்தது ஓஃப் ஸ்பின்னராகத்தான். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து ஓஃப் பக்கம் இருந்து கால் பக்கம் திரும்பும். (தூஸ்ரா என்ற பந்து மற்றப் பக்கம் போகும், அதை இங்கே இழுக்க வேண்டாம்.) காலி வீதியில் இருந்து பிரியும் ஒழுங்கைக்கு முகவரியில் ‘ஓஃப் கோல் ரோட்’ என்று எழுதுகிறோமே, அதுவும் பிரிதல்தான்.

‘வெல் ஓஃப்’ என்றால் வசதியானவர். அதை எந்தக் கயிற்றிலும் கட்ட எனக்குத் தெரியவில்லை. பாடமாக்குங்கள்.

தெகிவளை அக்கா:
ஒரு எச்சரிக்கை. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஓஃப் த ஃபேன்’ என்று வினையாகவே சொல்லுவோம், இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் அதை ஆட்களுக்குப் பாவித்துவிடாதீர்கள். கொச்சையில் ஓர் ஆளை ‘ஓஃப்’ பண்ணினால் கொன்றுவிட்டதாக அர்த்தம்.

புறக்கோட்டைப் பொடியன்:
ரீச்சர், ‘விடு’ நன்றாகப் பிடித்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் இப்போதுதான் முதலாளியிடமிருந்து இன்னொரு செய்தி: ‘யூ ஆர் ஓஃப் டுமாரோ.’ வேலையை விட்டு விலக்கிவிட்டாரா?

வெள்ளவத்தை மச்சான்:
நாளைக்குப் பௌர்ணமிப் போயா தினம், தம்பி. லீவு. வேலை போயிருந்தால் ‘லேய்ட் ஓஃப்’ என்று வந்திருக்கும். ஃபோனை ஓஃப் பண்ணிவிட்டுப் படுங்கள்.