காது குத்துக்கு முன்னால் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

பட்டர்வொர்த் பெண்:
தை மாதம் அக்கா மகளுக்குக் காது குத்து. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் அம்மாவின் தம்பி மடியில் பிள்ளையை உட்கார வைப்பதாகப் பேச்சு.

சின்ன வயதில் என்னிடம் தப்பாக நடந்துகொண்டவர் அந்த மாமா. அப்போதே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் வாயைப் பொத்தினார். "அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிடுவாரு. அப்புறம் நம்ம கதி?" அதற்குப் பிறகு மாமா இருக்கும் இடத்தில் என்னைத் தனியாக விட்டதில்லை. ஆனால் யாரிடமும் வாய் திறக்கவும் விடவில்லை. நான் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் தூக்கி வந்தவரும் அவர்தான். எனக்கு மாலை போடும் படம் இன்னும் ஹாலில் மாட்டியிருக்கிறது.

அப்பா காலமாகிவிட்டார். அம்மா இப்போதும் "அவன் என் கூடப்பிறந்தவன்டி" என்கிறார். அக்காவுக்கு எதுவும் தெரியாது.

சுங்கை டுவா அக்கா:
தங்கச்சி, நேரில் போ, பிள்ளைகள் தூங்கிய பிறகு. "மாமா மடியில் உட்கார வைக்காதே, எனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடு. முழுக் கதையும் அன்றே சொல்ல வேண்டியதில்லை. நான் என் சித்தி மகளிடம் சொன்னபோது அவள் வெகு நேரம் அழுதுவிட்டு "எனக்கும்தான்" என்றாள். எங்கள் இருவரிடமும் தப்பாக நடந்துகொண்டது ஒரே ஆள்.

கவுன்சலிங் மாணவி, ஜார்ஜ்டவுன்:
அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. குடும்பமே முதல் என்ற பிடிப்பை அங்கே ஃபமிலிஸ்மோ என்கிறார்கள். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது, பெண்ணின் கற்பில்தான் வீட்டு மானம், எல்லாம் உண்டு. குடியேற்ற ஆவணமில்லாத குடும்பங்களில் போலீஸ் வந்தால் நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆனால் வீட்டில் ஒரே ஒருவர் நம்பி நின்றுவிட்டால், அந்தக் குடும்பப் பாசமே பெரிய பலமாகிறது. உங்களுக்கு அந்த ஒருவர் அக்காவாக இருக்கலாம். உங்கள் அம்மா உங்களைக் காக்கத்தான் பார்த்தார். ஆனால் அந்த ஆளும் சேர்ந்து காப்பாற்றப்பட்டுவிட்டார்.

பிறை அண்ணன்:
"யார் நம்புவார்கள்" என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: சிறார் பாலியல் குற்றங்களுக்கான மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு சாட்சி இல்லாமல் பிள்ளையின் வாக்குமூலத்தை வைத்தே நீதிமன்றம் தண்டிக்கலாம். தெரிந்தும் புகார் செய்யாவிட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே, எண் 15999. பினாங்கில் டபிள்யூ.சி.சி. என்ற பெண்கள் உதவி மையம் 1985 முதல் இருக்கிறது, அங்கே பேசலாம்.

பட்டர்வொர்த் பெண்:
சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். அம்மாவிடம் முன்கூட்டிக் கேட்கப் போவதில்லை.