கிரீட் தீவில் ஒரு குளிர்காலம்: ஆலிவ் பறித்து எண்ணெய் எடுத்த அனுபவம்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் கோடைக்காலத்துக் கடற்கரையைப் பற்றித்தான் சொல்வார்கள். நான் போனது குளிர்காலத்தில், ஆலிவ் பறிக்க. ஜெர்மனியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் பூர்வீக வீடு தீவின் மேற்குப் பக்கம், கொலிம்பாரியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அவருடைய பாட்டி அங்கே தனியாக இருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் யாராவது போய் அறுவடைக்குக் கைகொடுப்பது அந்த வீட்டு வழக்கம். அந்த வருஷம் ஆள் குறைவு, நீயும் வருகிறாயா என்று நண்பர் கேட்டார். கிளம்பிவிட்டேன். ஜனவரி பாதி வரை அங்கேதான் இருந்தேன்.

பாட்டியை எல்லாரும் யாயா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எண்பதைத் தாண்டிய மனுஷி. ஆலிவ் எண்ணெயைப் பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் உருப்படியானது எல்லாம் அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றி. தடித்த கல் சுவர். கோடைக்காக நினைத்துக் கட்டியது என்பதால் குளிர்காலத்தில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம். வெளியே பகலில் பன்னிரண்டு பதிமூன்று டிகிரி இருக்கும், வெயில் வந்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். உள்ளே வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சமையலறையில் ஒரு விறகு அடுப்பு. எரிப்பது முந்தைய வருஷம் கவாத்து செய்த ஆலிவ் கட்டை. அது நின்று நிதானமாக எரியும், மணமும் நன்றாக இருக்கும். வெந்நீருக்குக் கூரையில் சூரிய சூடேற்றி உண்டு. நாலு நாள் மேகமூட்டமாக இருந்தால் அதுவும் கைவிட்டுவிடும். அப்புறம் கரண்ட்டில்தான் சுட வைக்க வேண்டும், அதுவும் யாயாவைக் கேட்டுவிட்டு. தெற்கே பார்த்தால் வெள்ளை மலைகள் என்ற மலைத்தொடர். உச்சி 2,453 மீட்டர். கீழே எலுமிச்சையும் மாண்டரின் ஆரஞ்சும் காய்த்துத் தொங்க, மேலே பனி மூடிக் கிடக்கும். அந்தக் காட்சி எனக்குக் கடைசி வரை அலுக்கவே இல்லை.

இனி தோப்பு. அந்தப் பக்கத்தில் அதிகம் இருப்பது கொரொனெய்கி என்ற ரகம். கடைகளில் ஊறுகாய் போல உப்புநீரில் போட்டு விற்கிற பெரிய ஆலிவை மனதில் வைத்துக்கொண்டு போனால் இதை ஆலிவ் என்றே நம்ப மாட்டீர்கள். ஒரு காய் ஏறக்குறைய ஒரு கிராம்தான் இருக்கும். ஆனால் எண்ணெய் நிறைய. ஐந்து கிலோ காய்க்குச் சுமார் ஒரு லிட்டர் கிடைத்துவிடும். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை பறிக்கிறார்கள். காய் பச்சையிலிருந்து ஊதாவுக்கு மாறும் சமயத்தில் எடுத்தால் எண்ணெய் காரசாரமாக, மணமாக இருக்கும். முழுக்கக் கறுக்க விட்டால் எண்ணெய் கூடும், காரம் குறையும்.

மரத்தடியில் வலையை விரிப்பதுதான் முதல் வேலை, என்னைப் பொறுத்தவரை கஷ்டமானதும் அதுதான். தோப்பு சரிவான நிலம். ஒரு வலையின் விளிம்பு அடுத்த வலையின் மேல் ஏறி இருக்க வேண்டும், சரிவின் கீழ்ப்பக்கம் ஓரத்தில் கல் வைத்து உயர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். அப்புறம் ஜெனரேட்டரில் ஓடும் நீளக் கம்பு. அதன் நுனியில் பிளாஸ்டிக் விரல்கள் சுழன்று, தலை வாருவது போலக் கிளையை வாரும். காய்கள் மழை மாதிரி விழும். உயரத்தில் கம்புக்கு எட்டாத கிளைகளை நண்பரின் மாமா அறுத்துக் கீழே போடுவார், அதை நாங்கள் உட்கார்ந்து குச்சியால் அடித்து உதிர்ப்போம். கழுத்தும் தோளும் முதல் வாரம் முழுக்க வலித்தன. இலையையும் குச்சியையும் பொறுக்கி எடுத்துவிட்டு, காயைச் சணல் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றுவோம். சணல் சாக்குதான் வேண்டும், பிளாஸ்டிக் பை யாயாவுக்கு ஆகாது. பிளாஸ்டிக்கில் காற்று போகாமல் காய் வெந்துவிடுமாம். பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. குவித்து வைத்தால் நடுவில் சூடேறிப் புளிக்க ஆரம்பிக்கிறது. ஆகவே அவர் சொன்னது சரிதான்.

மரங்களுக்கு நடுவில் தரையே தெரியாமல் மஞ்சள் பூ. இலையைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த இலையாக இருக்கிறதே என்று கிள்ளி வாயில் போட்டேன், புளித்தது. நம்மூர்ப் புளியாரையின் நெருங்கிய உறவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து மத்தியதரைக் கடல் பக்கமெல்லாம் பரவிவிட்ட செடி. பன்னிரண்டு மணி வாக்கில் அந்தப் பூக்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பாடு. ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், அவித்த முட்டை, மரத்திலிருந்து அப்போதே பறித்த மாண்டரின்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு துண்டு நிலம் உண்டு. அங்கே வலையை நவம்பரிலேயே விரித்துவிட்டிருந்தார்கள். தானாக விழுவது விழட்டும், அப்புறம் மொத்தமாக அள்ளிக்கொள்ளலாம் என்று. நாங்கள் அங்கே போவதற்கு முந்தின ராத்திரி பலத்த காற்று. காலையில் வலை நிறையக் காய். ஆனால் அதில் நேற்று விழுந்ததும் இருந்தது, மூன்று வாரம் முன்னால் விழுந்து மழையில் ஊறிச் சுருங்கிப்போனதும் இருந்தது. சிலதில் பழ ஈ துளைத்த ஓட்டை. அந்த ஈ காய்க்குள் முட்டையிடும், புழு உள்ளே சதையைத் தின்று வெளியே வரும். மத்தியதரைப் பகுதியில் ஆலிவ் விவசாயிகளுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

நண்பர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சாக்கில் கொட்டப் போனார். மரத்திலிருந்து அன்று எடுக்கப் போகும் நல்ல காயோடு கலந்துவிட்டால் தெரியவா போகிறது, எல்லாம் எண்ணெய்தானே என்பது அவர் கணக்கு. யாயா சாக்கின் வாயைக் கையால் மூடிவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "இது வேறு சாக்கு, அது வேறு சாக்கு" என்று மட்டும் சொன்னார். நண்பர் விடவில்லை. தனித்தனியாக அரைத்தால் ஆலையில் இரண்டு முறை வரிசையில் நிற்க வேண்டும், ராத்திரி முழுக்கப் போய்விடும் என்றார். யாயா ஒரு சுருங்கின காயை எடுத்து நசுக்கி அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார். எனக்கும் நீட்டினார். மக்கின வாடை, கூடவே ஒரு புளிச்ச நெடி. அதற்கப்புறம் பேச்சு இல்லை. விழுந்ததெல்லாம் தனிச் சாக்கு, சாக்கின் கழுத்தில் சிவப்புக் கயிறு.

அன்று சாயங்காலமே ஆலைக்குப் போனோம். பறித்த காயை வீட்டில் ஒரு ராத்திரி வைக்கவும் யாயா சம்மதிப்பதில்லை. ஊருக்குப் பொதுவான ஆலை அது. சீசனில் ராத்திரி பகல் பாராமல் ஓடும். ஒவ்வொரு குடும்பத்தின் மூட்டைகளும் பெயர் எழுதிய சீட்டோடு தனித்தனியாக அடுக்கியிருக்கும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கூலியைப் பணமாகத் தர வேண்டியதில்லை, எண்ணெயிலேயே ஒரு பங்கை ஆலை எடுத்துக்கொள்ளும்.

முறை வந்ததும் காயைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். காற்றாடி இலையை ஊதித் தள்ளுகிறது, தண்ணீர் கழுவுகிறது, அப்புறம் கொட்டையோடு சேர்த்தே அரைபடுகிறது. வருவது ஊதாவும் பச்சையும் கலந்த கூழ். அதை அரைமணி முக்கால்மணி நேரம் மெதுவாகக் கிளறுகிறார்கள். துளித்துளியாக இருக்கும் எண்ணெய் ஒன்றோடொன்று சேர்வது இந்தக் கட்டத்தில்தான். தொட்டியைச் சுற்றி வெந்நீர் ஓடுகிறது. சூடு கூடினால் எண்ணெய் அதிகம் பிரியும், ஆனால் மணம் போய்விடும். குளிர்முறையில் எடுத்தது என்று ஐரோப்பாவில் சீட்டில் போட வேண்டுமானால் 27 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். யாயா நேராக அந்த வெப்பமானிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆலைக்காரருக்கும் அவரைத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது வருஷமாக அந்த இடத்தில் உட்கார்கிறவராம். முன்பு கல் உருளையும் சாக்குத் தட்டுகளை அழுத்தும் அச்சும் இருந்த காலத்திலும் அவர் இப்படித்தான் காவல் இருந்தார் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்.

கூழ் அதன்பின் சுழலும் உருளைக்குள் போய்ப் புண்ணாக்கு தனி, எண்ணெய் தனி என்று பிரிகிறது. அந்தப் புண்ணாக்கும் வீணாவதில்லை, காயவைத்து அதையே கொதிகலனில் எரிக்கிறார்கள். கடைசியில் ஒரு குழாயில் எண்ணெய். கலங்கலாக, கண்ணைப் பறிக்கிற பச்சை. ஆலையின் ஒரு மூலையில் அடுப்பும் ரொட்டியும் எப்போதும் தயாராக இருக்கும். சுட்ட ரொட்டியை நேராகக் குழாய்க்குக் கீழே காட்டி, உப்புத் தூவிக் கொடுத்தார்கள். முதலில் புல்லை நசுக்கின மணம், பிறகு நாக்கில் கசப்பு, முழுங்கினதும் தொண்டை கமறி இருமல் வந்துவிட்டது. யாயா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இருமினால் நல்ல எண்ணெய் என்று அர்த்தமாம்.

அவர் சொன்னதற்கு அறிவியல் ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் கேரி பொஷாம்ப் என்ற ஆராய்ச்சியாளர் இத்தாலியின் சிசிலியில் புது எண்ணெயைச் சுவைத்தபோது, இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணியை முழுங்கினால் தொண்டையில் வருகிற அதே கமறலைக் கவனித்தார். அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து ஓலியோகாந்தல் என்று பெயரிட்டு, அவர் குழு 2005-ல் நேச்சர் இதழில் எழுதியது. இபுப்ரோஃபென் தடுக்கும் அதே நொதிகளை அதுவும் தடுக்கிறது. எண்ணெய் பழசாக ஆக அது குறைந்துகொண்டே போகும். கடையில் வாங்கும் எண்ணெய் பலதும் தொண்டையில் ஒன்றும் செய்யாமல் வழவழவென்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் புளிப்பளவு பார்த்தார்கள், அதாவது எண்ணெய் சிதைந்து அதில் எவ்வளவு கொழுப்பமிலம் பிரிந்திருக்கிறது என்று. கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எண்ணெய், ஆல்கஹால், நிறங்காட்டி ரெண்டு சொட்டு. மேலேயிருந்து காரக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிற்கும் இடத்தில் அளவைப் படிக்கிறார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்த அதே சோதனை. மரத்திலிருந்து எடுத்த காயின் எண்ணெய் 0.3 சதவீதம். முதல் தரத்துக்கு 0.8-ஐத் தாண்டக் கூடாது, அடுத்த தரத்துக்கு 2 வரை. சிவப்புக் கயிறு கட்டின சாக்கின் முறை விடியற்காலை வந்தது. அந்த எண்ணெய் 2-ஐத் தாண்டிவிட்டது, அதாவது சுத்திகரிக்காமல் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது. ஒரே நிலம், ஒரே ரகம், ஒரே ஆலை. மரத்தை விட்டு இறங்கி எவ்வளவு காலம் சும்மா கிடந்தது என்பதுதான் பெரிய வித்தியாசம். நண்பர் அந்தக் குடுவையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டின் பின்கட்டில் ஆள் இடுப்பளவுக்கு மண்சாடிகள் காலியாக நிற்கின்றன. கிரீட்டின் பழங்கால க்னோசஸ் அரண்மனை இடிபாடுகளில் இருக்கும் மூவாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சாடிகளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே வடிவம். இப்போது எண்ணெய் போவது துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிக்கு. அடியில் மண்டி படிந்ததும் தெளிந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவார்கள். மண்டியோடு விட்டால் அது அழுகி எண்ணெய் முழுக்க வாடை ஏறிவிடும். சிவப்புக் கயிற்றுச் சாக்கின் எண்ணெயை யாயா சோப்புக் காய்ச்ச எடுத்து வைத்துக்கொண்டார்.

மழை பெய்தால் பறிக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாளில் பக்கத்து ஊரான வூவெஸ்ஸில் இருக்கும் பழைய ஆலிவ் மரத்தைப் பார்க்கப் போனோம். குறைந்தது 2,000 வருஷமாவது இருக்கும் என்கிறார்கள். அடிமரம் உள்ளே பொள்ளலாகிவிட்டது, ஆள் நுழையலாம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களுக்குச் சூட்டிய ஆலிவ் இலைக் கிரீடங்களுக்கு இதன் கிளைகளையும் எடுத்தார்கள். எனக்கு அதைவிட ஆச்சரியம், அந்த மரம் இன்னமும் காய்க்கிறது என்பது.

பலர் என்னிடம் கேட்கிற ஒரு கேள்வி: ஆலிவ் எண்ணெயில் பொரிக்கலாமா? அந்த வீட்டில் வேறு எண்ணெயே கிடையாது. யாயா உருளைக்கிழங்கை அதில்தான் பொரிப்பார், கேக் மாவிலும் அதுதான். நல்ல எண்ணெய் 180 டிகிரி சூட்டைத் தாங்கும், வீட்டில் பொரிக்க அது போதும். வாங்கும்போது போத்தலில் அறுவடைத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அடர்நிறக் கண்ணாடி அல்லது தகர டின்னாக இருக்கட்டும், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ரொம்ப நாள் சேர்த்து வைக்கவும் வேண்டாம், அடுத்த அறுவடைக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை எப்போது போனாலும் அந்தப் பக்கம் எங்காவது வேலை நடந்துகொண்டிருக்கும். ரப்பர் பூட்ஸும் நல்ல கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் போட கம்பளிக் காலுறையும் கட்டாயம். பறிப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஆலைக்குப் போகும் வண்டியில் இடம் கேட்டு ஏறிக்கொள்ளுங்கள், திரும்பி வர விடிந்துவிட்டாலும் பரவாயில்லை.